நியாயமாக ஏமாற்றும் கலை

(சிலமலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



தமிழ் அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் கம்பனையோ குறளையோ எடுத்துக்கொள்வது மரபு. நான் எடுத்துக்கொண்டது குறுக்கெழுத்து. தலைப்பைக் கேட்டதும் அமைப்பாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். வாரப் பத்திரிகையின் பின்பக்கத்தில், ராசிபலனுக்குக் கீழே வரும் சமாச்சாரத்துக்கு ஒரு மணி நேரப் பேச்சா என்ற தயக்கம் அது. அந்தச் சமாச்சாரத்தில் கடினமான ஒரு ரகம் உண்டு. ஆங்கிலத்தில் அதைக் கிரிப்டிக் என்பார்கள். குறிப்பு ஒன்றைச் சொல்வதுபோல் இருக்கும். விடை வேறெங்கோ இருக்கும். அது ஆங்கிலேயன் கொண்டுவந்த சரக்கு என்று பலரும் நினைக்கிறார்கள். கட்டம்தான் அவன் சரக்கு. கட்டத்துக்குள் நடக்கும் வேலை நம்முடையது என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

ஒரு குறிப்பைப் போடுகிறேன்: "கூவி விற்றல், பாயசத்துக்கு மணம் தருவது (3)."

மூன்றாம் வரிசையிலிருந்து விடை வந்துவிட்டது. ஏலம். சென்னையில் இதைக் கேட்டால் ஒரு நிமிடமாவது யோசிப்பார்கள். இங்கே யோசிக்க என்ன இருக்கிறது? ஏலம் ஏலத்துக்கு வரும் ஊர் போடி. "இன்னைக்கு ஏலத்துல ஏலம் என்ன விலை போச்சு?" என்று டீக்கடையில் கேட்டால் இந்த வட்டாரத்தில் யாரும் சிரிப்பதில்லை.

அடைப்புக்குள் இருக்கும் 3 என்பது எழுத்துக் கணக்கு. ஏ, ல, ம். உயிர்மெய்க்கு ஒரு கட்டம், ஒற்றுக்கும் ஒரு கட்டம். இந்தக் குறிப்பில் இரண்டு துண்டுகள் இருக்கின்றன. இரண்டும் தனித்தனியே ஒரே விடைக்குப் போகின்றன. வெளியே சிலேடை, உள்ளே ஒரே சொல். பதினைந்தாம் நூற்றாண்டில் காளமேகம் பாம்புக்கும் எள்ளுக்கும், வைக்கோலுக்கும் யானைக்கும் முடிச்சுப் போட்டாரே, அதே வேலைதான் இது. அவர் இரண்டு பொருளையும் சொல்லிவிட்டுப் பாடினார். புதிர் போடுகிறவர் சொல்லாமல் விடுகிறார்.

எல்லாக் குறிப்பும் இப்படிச் சிலேடையாக இருப்பதில்லை. பொது விதி ஒன்றுதான்: நல்ல குறிப்பு ஒவ்வொன்றிலும் விடைக்கு இரண்டு வழி இருக்க வேண்டும். ஒன்று, விடையின் நேர்ப்பொருள். அது குறிப்பின் தொடக்கத்திலோ முடிவிலோ இருக்கும். மற்றொன்று, எழுத்துகளைச் சேர்த்தோ வெட்டியோ கலைத்தோ அதே விடையைக் கட்டிக்காட்டும் வழி. ஏல மையத்தில் தட்டில் வைத்த சாம்பிளை வியாபாரி எப்படிப் பார்க்கிறார்? மேல்தோலின் பச்சையைப் பார்க்கிறார். அப்புறம் ஒரு காயைப் பிளந்து உள்ளே விதையைப் பார்க்கிறார். இரண்டும் ஒத்துவந்த பிறகுதான் விலை கேட்பார். புதிரிலும் அப்படித்தான். இரண்டு வழியும் ஒரே சொல்லில் முட்டினால் விடை சரி. யாரையும் கேட்கத் தேவையில்லை. அடுத்த வாரப் பத்திரிகைக்குக் காத்திருக்கவும் தேவையில்லை.

இந்த நியாயத்தை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. குறுக்கெழுத்து தமிழ்நாட்டுக்குள் நுழைந்தது இந்த நியாயம் இல்லாமல்தான்.

1913 டிசம்பர் 21 அன்று 'நியூயார்க் வேர்ல்டு' பத்திரிகையில் ஆர்தர் வின் என்பவர் வைர வடிவக் கட்டத்தில் முதல் புதிரை வெளியிட்டார். இருபதே ஆண்டுகளில் அது இங்கே வந்துவிட்டது. 1928இல் ஆனந்த விகடனை விலைக்கு வாங்கிய எஸ்.எஸ்.வாசன், 1930களில் அதில் பரிசுக் குறுக்கெழுத்துப் போட்டிகளை நடத்தினார். விற்பனை ஏறியது. மற்றவர்களும் இறங்கினார்கள். இந்தியா முழுக்க இந்தக் காய்ச்சல் பரவியது.

அந்தக் காலப் பரிசுப் போட்டிகள் பலவற்றின் சூத்திரம் எளிது. மாதிரிக்கு நானே ஒன்று சொல்கிறேன். "மனிதனுக்குப் பெருமை தருவது: _ணம்." பணமா, குணமா? இரண்டும் பொருந்தும். சரியான விடை முத்திரையிட்ட உறைக்குள் இருக்கும். குணம் என்று எழுதியவனுக்குப் பரிசு. பணம் என்று எழுதியவனுக்கு இருந்த பணமும் போச்சு. எத்தனை கூப்பன் அனுப்புகிறோமோ அத்தனை வாய்ப்பு. இதற்குச் சொல்லறிவு எதற்கு? நாணயத்தைச் சுண்டினால் போதாதா?

நாடாளுமன்றம் 1955இல் பரிசுப் போட்டிகள் சட்டம் கொண்டுவந்தது. ஒரு மாதத்தில் மொத்தப் பரிசு 1,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது, ஒரு போட்டிக்கு 2,000 விண்ணப்பங்களுக்கு மேல் வாங்கக் கூடாது என்று அது கட்டுப்படுத்தியது. எழுத்துகளையும் சொற்களையும் கூட்டிச் சேர்க்கும் போட்டிகளைக் குறித்தே எழுதிய சட்டம் அது. 1957இல் உச்ச நீதிமன்றம் அதற்கு ஒரு வரம்பு சொன்னது: வெற்றி கணிசமான அளவு திறமையைச் சார்ந்திருக்கும் போட்டிகளுக்கு இது பொருந்தாது, சூதாட்டத் தன்மையுள்ளவற்றுக்கே பொருந்தும். பணமா குணமா என்பது சூது. ஏலம் என்பது திறமை. நீதிபதிகள் வகுத்த கோடும் புதிர்க்காரர்கள் வகுத்த கோடும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் விழுகின்றன.

சரி, நம்முடைய சரக்கு என்றேனே, அதற்கு வருகிறேன்.

தொல்காப்பியம் செய்யுளியலில் பிசி என்ற வகையைச் சொல்கிறது, விடுகதைதான் அது. நம் பாட்டிமார் அழிப்பாங்கதை என்பார்கள். ஆனால் விடுகதை பொருளைத்தான் பார்க்கும், எழுத்தைப் பார்க்காது. எழுத்தைப் பார்க்கும் வித்தையைத் தேட வேண்டிய இடம் தண்டியலங்காரத்தின் சொல்லணியியல். அங்கே மிறைக்கவி என்று ஒரு வரிசை இருக்கிறது. கோமூத்திரி, நாகபந்தம், சுழிகுளம் என்று படம் போட்டு எழுதுபவற்றை விட்டுவிடுங்கள். எனக்கு அவற்றில் பெரிய ருசி இல்லை. மற்றவற்றைப் பாருங்கள். வினாவுத்தரம்: ஒரு சொல்லைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு கேள்விக்கு விடையாக்கி, எல்லாம் சேர்ந்ததைக் கடைசிக் கேள்விக்கு விடையாக்குவது. அக்கரச்சுதகம்: ஒரு சொல்லிலிருந்து எழுத்தை ஒவ்வொன்றாக நீக்கி வேறு வேறு சொல் காண்பது. எழுத்து வருத்தனம்: அதற்கு நேர்மாறாகக் கூட்டிக்கொண்டே போவது. கரந்துறைச் செய்யுள்: ஒரு செய்யுளின் எழுத்துகளுக்குள் இன்னொரு செய்யுளை ஒளித்து வைப்பது. மாலைமாற்று: முன்னும் பின்னும் ஒன்றாகவே படிப்பது, திருஞானசம்பந்தர் ஒரு பதிகம் முழுக்க இதில் பாடியிருக்கிறார், மூன்றாம் திருமுறையில் பார்க்கலாம். பின்னால் வந்தவர்கள் மாத்திரைச் சுருக்கம் போன்றவற்றையும் சேர்த்துக்கொண்டார்கள்.

லண்டன் பத்திரிகைகளில் ஒரு புதிர்க்காரர் தன் கருவிகளாக எவற்றைச் சொல்வாரோ, ஏறக்குறைய அதே பட்டியல் இது. சிமினீஸ் என்ற புனைபெயரில் 'அப்சர்வர்' இதழுக்குப் புதிர் அமைத்த மக்நட் என்ற பள்ளி ஆசிரியர், 1966இல் இந்தக் கலைக்கு இலக்கண நூல் எழுதினார். தண்டியலங்காரம் அதற்குப் பல நூற்றாண்டு மூத்தது.

பழங்கருவிகளைக் கொண்டு நம் வட்டாரத்துக்குச் சில குறிப்புகள் செய்து பார்த்தேன். கேளுங்கள்.

"வானரப் படை கண்ட மலையடி ஊர் (5)." வானரம் என்றால் குரங்கு, படை என்றால் அணி. குரங்கு, அணி இரண்டும் புணர்ந்தால் குரங்கணி. வினாவுத்தரம். இதில் தமிழுக்கே உரிய ஒரு நயம் இருக்கிறது: குற்றியலுகரம் கெட்டுத்தான் சொல் பிறக்கிறது. நன்னூல் தெரிந்த பிள்ளைக்கு இது ஒரு படி எளிது.

"பூச்சி மாத்திரை ஒன்று குறைந்தால் மாவட்டத் தலைநகர் (2)." பள்ளியில் கொடுப்பார்களே, குடல் புழுவுக்கு, அந்தப் பூச்சி மாத்திரைதான் முதலில் ஞாபகம் வரும். வர வேண்டும் என்றுதான் எழுதினேன். பூச்சிக்கும் மாத்திரைக்கும் நடுவில் ஒரு மூச்சு விடுங்கள். பூச்சி தேனீ. னீ நெடில், இரண்டு மாத்திரை. ஒன்று குறைந்தால் னி. தேனி. மாத்திரைச் சுருக்கத்துக்கு இதைவிட நல்ல ஊர் தமிழ்நாட்டில் இருப்பதாகத் தெரியவில்லை.

"அக்கா பிடித்ததில் கொஞ்சம் பானம் (2)." அக்கா என்பதன் முடிவையும் பிடித்தது என்பதன் தொடக்கத்தையும் சேர்த்துப் பாருங்கள். காபி. கரந்துறை. "தோழியை விரட்டும் ஊர் (2)" என்றால் போடி. இதை இந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் தினம் பத்துத் தடவை கேட்டிருப்பார்கள். "கபடி கலைந்ததும் கேலி (3)" என்றால் பகடி. கடைசியாகச் சொன்ன எழுத்துக் கலைப்பு தமிழில் அவ்வளவு சுலபத்தில் அமையாது. ஆங்கிலத்தில் 26 எழுத்து. உயிரும் மெய்யும் தனித்தனியே நிற்பதால் எப்படியும் கலைக்கலாம். நம்முடையது 247. உயிர் மெய்யோடு ஒட்டிக்கொண்டு கூடவே வரும். கலாம் கலைந்தால் காலம் ஆகாது. அதனால் கபடி போல ஒன்று கிடைத்தால் புதிர்க்காரருக்கு அன்றைக்கு விசேஷம்.

ஆனால் அந்தக் குறைக்கு ஈடாகத் தமிழ் வேறொன்றைத் தருகிறது: எண். பழைய எண் வடிவங்களில் ஒன்று க, நான்கு ச, ஏழு எ, எட்டு அ, பத்து ய, கால் வ. தனிப்பாடல் திரட்டில் ஔவையார் பெயரில் ஒரு வசைப்பாட்டு இருக்கிறது. பள்ளியில் எல்லாரும் கேட்டிருப்பீர்கள். அதில் எட்டையும் காலையும் சேர்த்து 'அவ' ஆக்கி, எதிராளியின் லட்சணத்துக்கு முன்னால் ஒட்டிவிடுவார் ஔவை. அவலட்சணம் என்ற சொல்லை வாயால் சொல்லாமலே சொல்லியாயிற்று. எனக்குத் தெரிந்து தமிழின் மிகச் சிறந்த கிரிப்டிக் குறிப்பு அதுதான். நேர்ப்பொருள் வசையிலேயே இருக்கிறது. எழுத்துவழி கணக்கில் இருக்கிறது.

இப்போது ஒரு கடினமான குறிப்பை எடுத்துக்கொண்டு, தீர்க்கிறவர் மனம் எப்படி ஓடும் என்று பார்ப்போம்.

"அன்புக்குள் பத்து வைத்தால் விருந்தில் இனிப்பது (4)."

இதன் மூன்றாம் கட்டத்தில் மேலிருந்து கீழே இன்னொரு சொல் தொடங்குகிறது. அதன் குறிப்பு: "நாலு மோகம் சேர்ந்தால் அடுப்படி வேலை (4)." இரண்டாவது கொஞ்சம் எளிது. அடுப்படி வேலை என்பது நேர்ப்பொருளாக இருந்தால் சமையல். சரிபார்க்க வேண்டும். மோகம் என்றால் மையல். நாலு என்றால் ச. சமையல். இரண்டு வழியும் முட்டிவிட்டன; பேனாவால் எழுதலாம்.

ஆக, முதல் சொல்லின் மூன்றாம் எழுத்து ச. இப்போது திரும்புங்கள். மேலோட்டமாகப் படித்தால் ஏதோ அறிவுரை மாதிரி இருக்கிறது. பத்துப் பேருக்குச் சோறு போடு என்பதுபோல. அந்த வாசனையில் மயங்கக் கூடாது. விருந்தில் இனிப்பது எது? லட்டு, மூன்றெழுத்து. கேசரி, அதுவும் மூன்று. அதிரசம், ஐந்து. அல்வாவும் மூன்றுதான். இந்தப் பக்கம் நகரவில்லை என்றால் மறுபக்கம் போக வேண்டும். அன்பு என்றால் காதல், பிரியம், நேசம், பாசம். நேசம் மூன்றெழுத்து. 'உள்ளே வை' என்கிறது குறிப்பு. முதல் எழுத்துக்குப் பின் ஏதோ ஒன்றைச் செருகினால், ச மூன்றாம் இடத்துக்குப் போய்விடும். கட்டம் ஒத்துவருகிறது! பத்து என்றால் ய. நே, ய, ச, ம். நேயசம். அப்படி ஒரு பண்டம் எந்த விருந்திலும் கிடையாது. பலர் இங்கே சோர்ந்து பக்கத்தைத் திருப்பிவிடுவார்கள். ஆனால் அடுத்த படி ஒரு சொல் தூரத்தில் இருக்கிறது. நேசத்துக்குப் பதில் பாசம். பா, ய, ச, ம். பாயசம்.

இந்த விடையைக் கண்டுபிடித்தவருக்கு எந்த உறையும் திறக்க வேண்டியதில்லை. இனி வேறு எந்தச் சொல்லும் அங்கே நிற்காது.

குறிப்பில் 'இனிக்கும்' என்று எழுதாமல் 'இனிப்பது' என்று எழுதியதைக் கவனித்தீர்களா? இனிக்கும் என்பது முற்று, பாயசம் பெயர்ச்சொல். பெயருக்குப் பெயர்தான் நேர்ப்பொருள் ஆக முடியும். ஏமாற்றலாம், ஆனால் இலக்கணத்தை ஏமாற்றக் கூடாது. அதேபோல் 'அன்புக்குள்' என்பதில் ஒரு சொல்கூட வீண் இல்லை. அன்பு மூலப்பொருள், க்குள் கட்டளை. ஆங்கிலத்தில் இந்தக் கட்டளைக்குத் தனியாக ஒரு சொல் தேட வேண்டும். தமிழில் உருபே கட்டளையாகிறது. 'இல்' என்றால் தேடு, 'உடன்' என்றால் சேர், 'இன்றி' என்றால் வெட்டு. உருபும் சொல்லுருபும் படிக்கிற பிள்ளைக்கு அவற்றின் பயன் இதைவிட நன்றாக எங்கே புரியும்?

இவ்வளவு வளம் இருந்தும் நம் வார, நாளிதழ்களின் குறுக்கெழுத்து ஏன் சப்பென்று இருக்கிறது? "மூவேந்தரில் ஒருவர்", "பழைய நடிகை (கலைந்துள்ளது)", "மரத்தில் இருப்பது (வலமிருந்து இடம்)". இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் போதாதென்று வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்று நான்கு திசையிலும் எழுதச் சொல்கிறார்கள். இந்தக் கலைவதும் திரும்புவதும் சொல்விளையாட்டு என்று வாசகர் நம்புகிறார். அது கட்டம் போட்டவரின் கஷ்டம்.

கஷ்டத்துக்குக் காரணம் மொழி இயல்பு. மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் வராது. உயிரெழுத்து, அளபெடையை விட்டால், சொல்லுக்கு நடுவில் வராது. நம் சொற்களில் பெருவாரி ம், ன், ல், ர் என்று ஒற்றில் முடிபவை. குறுக்கே போகும் மரம், ம் என்று முடிகிற கட்டத்தில் கீழே எந்தச் சொல்லும் தொடங்க முடியாது; கடந்துதான் போக வேண்டும். பொறுமையில்லாதவர் கீழே வரும் சொல்லைத் தலைகீழாக எழுதச் சொல்லிவிட்டுத் தப்பித்துக்கொள்கிறார். தலைகீழாகப் போட்டால் ஒற்று முதலில் வந்து உட்காருமே! இதைச் சகித்துக்கொள்வது தவறு என்பது என் கருத்து. கட்டம் ஒத்துவராவிட்டால் கட்டத்தை மாற்ற வேண்டும். சொல்லை ஒடிக்கக் கூடாது.

முடியாத காரியமா என்றால், செய்து காட்டியவர் இருக்கிறார். கலிபோர்னியாவிலிருந்து வரும் 'தென்றல்' மாத இதழில் வாஞ்சிநாதன் பல ஆண்டுகள் முழுக்க முழுக்கத் தமிழ்க் கிரிப்டிக் புதிர்களை அமைத்தார். நம் ஊர்ப் பத்திரிகைகள் கொடுக்காத இடத்தைக் கடல் கடந்த ஒரு தமிழ் இதழ் கொடுத்தது. ஆங்கிலத்தில் பார்த்தால், 'தி இந்து' நாளிதழின் முதல் புதிர்க்காரர் செங்கல்பட்டில் பிறந்த வைஸ் அட்மிரல் ராம்தாஸ் கட்டாரி. இந்தியக் கடற்படைக்கு இந்தியராக வந்த முதல் தலைமைத் தளபதி அவர். 1971 முதல் 1983இல் மறையும் வரை குறுக்கெழுத்து அமைத்தார். போர்க்கப்பல்களை நடத்திய மனிதருக்கு இது சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றவில்லை. பிரிட்டிஷ் ராணுவத்துக்கும் தோன்றவில்லை. 1942 ஜனவரியில் 'டெய்லி டெலிகிராப்' 12 நிமிடத்துக்குள் புதிரை முடிக்கும் போட்டி வைத்தபோது, கலந்துகொண்ட சிலருக்குப் பின்னால் ரகசியமாகக் கடிதம் போனது. எதிரியின் சங்கேதத்தை உடைக்கும் பிளெச்லி பார்க் வேலைக்கு.

நம் பிள்ளைகளை அவ்வளவு தூரம் அனுப்ப வேண்டாம். இங்கே வந்திருக்கும் தமிழாசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். புணர்ச்சி இலக்கணம் நடத்தி முடித்த வாரத்தில் மாணவர்களிடம் ஆளுக்கொரு ஊர்ப் பெயரைக் கொடுங்கள். சிலமலை, கொட்டகுடி, கம்பம், வருசநாடு என்று இந்த வட்டாரத்தில் பிரித்தாலும் பொருள் தரும் பெயர்கள் நிறைய. குறிப்பை அவர்களே எழுதட்டும். மதிப்பெண் போடும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: விடைக்கு இரண்டு வழி இருக்கிறதா? இந்த உரை இதழாசிரியர் யாருடைய கைக்காவது போய்ச் சேர்ந்தால் அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. வலமிருந்து இடத்தை நிறுத்துங்கள். விடையை அச்சிடும்போது அது எப்படி வந்தது என்ற விளக்கத்தையும் பக்கத்தில் அச்சிடுங்கள். இரண்டே வாரத்தில் வாசகர் பிடித்துக்கொள்வார்.